அரை டிக்கெட்டின் அடுப்பு

என் அக்காவின் உயரம் நாலடி ஏழு அங்குலம். அவளிடம் கேட்டால் நாலே முக்கால் அடி என்பாள். பஸ் டிப்போவில் அவளுக்கு வைத்த பெயர் அரை டிக்கெட். கண்டக்டர் வேலை பார்க்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெற்ற தகப்பனால்கூடப் பெயர் வைத்திருக்க முடியாது. அவளும் கோபித்துக்கொண்டதில்லை. டிரைவர்கள் "அரை டிக்கெட் ஏறியாச்சா?" என்று கேட்டால், "ஏறியாச்சு, முழு டிக்கெட்டுங்கதான் இன்னும் டீ குடிச்சுக்கிட்டு நிக்குது" என்று பதில் வரும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பஸ் கூரையை ஒட்டிக் கயிறு போகும். இழுத்தால் டிரைவர் தலைக்குப் பக்கத்தில் மணி அடிக்கும். அக்காவுக்கு அந்தக் கயிறு எட்டாது. முதல் நாளே வளைந்த பிடி வைத்த குடை ஒன்றைக் கொண்டுபோய், அதன் பிடியால் கொக்கி போட்டு இழுத்தாள். வெயில், மழை என்று அவள் அந்தக் குடையை விரித்து யாரும் பார்த்ததில்லை. கூட்டத்தில் ஆள் கண்ணுக்குத் தெரியாது. குரல் மட்டும் எங்கிருந்தோ வரும். "உள்ள போங்க, உள்ள போங்க. உள்ள என்ன பாம்பா படுத்திருக்கு?" ஆறடி ஆட்களெல்லாம் யார் சொல்கிறார்கள் என்று தெரியாமலே உள்ளே போவார்கள்.

இப்படி ஊரையே நகர்த்தியவள், வீட்டில் சமைக்கும்போது மட்டும் குருடி மாதிரி சமைத்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

இருபத்தாறு வருடம் அவளும் அவள் வீட்டுக்காரரும் இருந்தது வாடகை வீடு. சமையல் மேடை முப்பத்துநாலு அங்குலம். அதன்மேல் அடுப்பு ஒரு ஏழு அங்குலம். அதன்மேல் பாத்திரம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பாத்திரத்தின் விளிம்பு அக்காவின் கண்ணுக்கு ஒரு விரல்கடை மேலே நிற்கும். பருப்பு வெந்ததைக் காதால் தெரிந்துகொள்வாள். வெங்காயம் சிவந்ததை மூக்கால் தெரிந்துகொள்வாள். ஒருமுறை பலகை போட்டு ஏறி நின்று, கரண்டியோடு சேர்ந்து கீழே விழுந்தாள். அன்றோடு பலகை அடுப்பெரிக்கப் போனது.

அவளைக் கட்டிய மாமாவோ ஆறடி மூன்று அங்குலம். லேத் பட்டறையில் முப்பது வருடம் குனிந்து நின்று இடுப்பைத் தேய்த்தவர். பட்டறையை விட்டு நின்றதும் அவருக்கு ரொட்டி சுடும் பைத்தியம் பிடித்தது. பக்கத்து வீட்டு ஓவனைக் கடன் வாங்கி, மாவைத் தராசில் கிராம் சுத்தமாக நிறுத்து, ரொட்டி வெந்ததும் அதன் உயரத்தை ஸ்கேல் வைத்து அளப்பார்.

போன வருடம் இருவரும் சேர்ந்து ஊர் ஓரத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டினார்கள். நான் கிரானைட் வெட்டுகிறவன். சமையல் மேடை போடுவதும், அதில் ஹாப் இறங்க ஓட்டை போடுவதும்தான் என் பிழைப்பு. ஹாப் என்பது மேடைக்குள்ளேயே புதைத்து வைக்கும் அடுப்பு. அப்படி அறுநூறு எழுநூறு வீட்டுக்கு ஓட்டை போட்டிருப்பேன். அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னது ஒரே ஒரு விஷயம்.

"டேய், எனக்கு அலமாரி வேணாம், பளபளன்னு டைல்ஸ் வேணாம். பாத்திரத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு பாத்துக்கிட்டே சமைக்கணும். தரையில ரெண்டு காலையும் ஊணி நின்னு பாக்கணும். அது ஒண்ணு போதும்."

"இவ்வளவுதானே, விடு" என்றேன். அவள் டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள், தோளில் பை தொங்கியபடி. நிற்க வைத்தேன். முழங்கை உயரத்தை அளந்தேன். அதிலிருந்து நாலு அங்குலம் கழித்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். முப்பத்திரண்டு. மாமா பக்கத்தில் நின்று, "மாப்ள, எனக்கு இது தொடை உயரம்" என்றார். "மாமா, நீங்க ரொட்டி சுடுங்க" என்றேன்.

பிறகு அடுப்பு வாங்கப் போனோம்.

அக்கா தன் பெரிய பாத்திரத்தைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கடையில் டை கட்டிய விற்பனைப் பையன் ஒருவன். வயது முப்பது இருக்கும், அக்காவுக்கு எல்லோரும் பையன்தான். அவன் நாலு பர்னர் ஹாப் ஒன்றின் முன் நிறுத்தினான்.

"மேடம், இதுதான் இப்ப நல்லாப் போவுது. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு."

"பின்னாடி இருக்கறதை யாரு கிளறுவா? உங்க வீட்லேருந்து ஆள் அனுப்புவீங்களா?"

"இல்ல மேடம், கையை நீட்டி..."

அக்கா சட்டைக் கையை மேலே ஏற்றி முழங்கைக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினாள். "நீட்டித்தான் இது வந்துச்சு. அடுத்தது காட்டுங்க."

அடுத்தது தட்டையான கண்ணாடி, கரண்டில் சூடாவது. அக்கா பாத்திரத்தை அதன்மேல் வைத்துக் குனிந்து பார்த்தாள்.

"தீ எங்க தம்பி?"

"தீ கிடையாது மேடம். நம்பர் வரும். ஒண்ணுலேருந்து ஒன்பது வரைக்கும்."

"நாள் பூரா நம்பர் போட்ட டிக்கெட்டைக் கிழிச்சுட்டு வீட்டுக்கு வந்து அங்கயும் நம்பரா? எனக்குத் தீயைப் பாத்தாதான் சிம்ல இருக்கா, பெருசா இருக்கான்னு தெரியும். நான் பாக்கறதுக்குத்தான் இவ்வளவு பாடு படறேன், நீங்க அதையும் மூடிட்டீங்க."

இதற்குள் சுற்றிலும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி அக்காவிடமே, "நாங்க எது வாங்கலாம்?" என்று கேட்டது. "உங்க வீட்டுப் பாத்திரத்துல அடி உருண்டையா, தட்டையா?" என்றாள். தெரியவில்லை என்றார்கள். "பாத்திரத்தை எடுத்துட்டு வாங்க. பொண்ணு பாக்கப் போறப்போ பையன் இல்லாமயா போவாங்க?" அவர்கள் நிஜமாகவே வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். விற்பனைப் பையன் டையைத் தளர்த்தினான்.

கடைசியில் அக்காவுக்கு ஏற்றது மூலையில் கிடைத்தது. கேஸ் ஹாப். மூன்று பர்னர் ஒரே வரிசையில், பெரியது நடுவில். திருகுகள் முன்பக்கம். காற்றில் தீ அணைந்தால் கேஸ் தானாக நின்றுவிடும். எந்தப் பாத்திரத்தின் தலைக்கு மேலும் கை நீட்ட வேண்டாம். அக்கா மூன்று பர்னரிலும் பாத்திரத்தை மாற்றி மாற்றி வைத்து, "வரிசையா நிக்குது. நல்ல பழக்கம்" என்றாள்.

மாமா அதுவரை ஒவ்வொரு ஓவன் முன்னாலும் மண்டி போட்டு, கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு ஸ்கேலால் அளந்துகொண்டிருந்தார். "உள்ள எல்லா மூலைக்கும் ஒரே சூடு வருமா?" என்று ஓவனுக்குள்ளிருந்தே கேட்பார். விற்பனைப் பையன், "சார், முதல்ல வெளிய வாங்க" என்பான். பின்னால் விசிறி வைத்தது, உள்ளே விளக்கு, கதவில் பெரிய கண்ணாடி, அவருடைய ரொட்டித் தட்டு இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் விட்டு நுழைவது என்று ஒன்றைப் பிடித்தார். ஹாப்புக்குக் கீழே வைப்பது என்று முடிவானது. இடுப்பு என்னாவது என்று கேட்டேன். "மண்டி போட்டுப் பழகிட்டேன் மாப்ள" என்றார், அக்காவைப் பார்த்தபடி.

அந்த வாரமே கல் போட்டேன். கோடு போட்ட இடத்தில், மட்டம் பார்த்து, மயிரிழை பிசகாமல். ஹாப் ஓட்டையில் மோதிரம் மாதிரி போய் உட்கார்ந்தது. கேஸ் இணைப்பும் வந்தது. மறுநாள் அக்காவுக்கு ஓய்வு நாள். காலையிலேயே பாத்திரத்தை நடு பர்னரில் வைத்து, தண்ணீர் ஊற்றி, பருப்புப் போட்டு, பற்றவைத்தாள். நான் மேடைக்குப் பக்கத்தில் மாலை மரியாதைக்கு நிற்கிறவன் மாதிரி நின்றேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குதிகாலைத் தூக்கினாள்.

"என்னக்கா?"

"அந்தப் பக்கத்துச் சுவர் தெரியுது."

"எந்தச் சுவர்?"

"பாத்திரத்தோட சுவர்டா. பருப்பு தெரியல. ஆவி தெரியுது."

எனக்குப் புரியவில்லை. டேப்பை எடுத்து மேடையை அளந்தேன். முப்பத்திரண்டு, சுத்தம். அக்காவை நிற்க வைத்து முழங்கையை அளந்தேன். இரண்டு அங்குலம் குறைந்திருந்தாள். திரும்ப அளந்தேன். அதேதான். வாசலைப் பார்த்தேன். அங்கே அவளுடைய டியூட்டி ஷூ கிடந்தது, நாள் முழுக்க நிற்பதற்காக அடியில் கட்டையாட்டம் ரப்பர் வைத்துத் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு நின்றவளைத்தான் நான் அளந்திருக்கிறேன். வீட்டுக்குள் யார் ஷூ போட்டுச் சமைக்கிறார்கள்? அது போதாதென்று, பாத்திரத்தைத் தாங்கும் இரும்புக் கம்பி கல்லுக்கு மேலே இன்னும் இரண்டு அங்குலம் நின்றது. எழுநூறு வீட்டில் அதை நான் கணக்கில் எடுத்ததே இல்லை, அங்கே யாரும் நாலடி ஏழு அங்குலம் இல்லை.

மாமா ஷூவைத் தூக்கி அடியை ஸ்கேலால் அளந்தார். "ரெண்டேகால்" என்றார். அந்த நேரத்தில் அது தேவையா?

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அக்கா தீயைக் குறைத்தாள். "பரவால்லடா. பழைய வீட்டுக்கு இது எவ்வளவோ தேவலாம். சுவராவது தெரியுதுல்ல" என்றாள். ஒரு பஸ் கூட்டத்தையே அடக்கிய குரல் அவ்வளவு மெதுவாக வந்தது. திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பேன்.

"அடுப்பை அணைச்சிடுக்கா" என்றேன். "இறக்கப் போறேன்."

ஹாப்புக்கு இரண்டு பக்கமும் கல்லை அறுத்து, நடுவில் இருக்கும் துண்டை மட்டும் ஐந்து அங்குலம் கீழே இறக்குவது. கேட்க எளிதுதான். ஆனால் அந்தத் துண்டின் நடுவில் பெரிய ஓட்டை. முன்னால் மூன்று விரல் அகலக் கல், பின்னால் இரண்டு விரல். இறக்கும்போது கொஞ்சம் முறுக்கினாலும் பிஸ்கெட் மாதிரி இரண்டாகிவிடும். அந்த நிறத்தில் வேறு கல் குடோனில் இல்லை. அது உடைந்தால் அக்கா ஆயுசு முழுக்க ஆவியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கேஸைக் கழற்ற வைத்து, ஹாப்பை வெளியே எடுத்தேன். கல்லுக்கு மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து இறுக்கினேன். தண்ணீர் ஊற்றி ஊற்றி அறுத்தேன். வீடு முழுக்கச் சேறு. அடியில் தாங்கிய செங்கல்லை ஐந்து அங்குலம் தட்டி எடுத்தேன். ஒரு பக்கம் நான், மறுபக்கம் மாமா. அக்காவை வெளியே போய் உட்காரச் சொன்னேன். அவள் போய் டியூட்டிப் பையிலிருந்து விசிலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கண்டக்டரம்மா, நீ சும்மா இருக்கக் கூடாதா?" என்றார் மாமா.

"சும்மா இருந்தா கோணலா இறக்குவீங்க. உங்க பக்கம் வானத்துல இருக்கு, அவன் பக்கம் பூமியில இருக்கு. முட்டியை மடக்குங்க. இன்னும். இன்னும் மடக்குங்க, ஓவனுக்கு மடக்கினீங்கல்ல."

மாமா மடக்கினார். இரண்டு விசில் வந்தது. அரை அங்குலம் இறக்கினோம். ஒரு விசில். நின்றோம். "தம்பி, உன் பக்கம் ஒரு நூல் முந்துது. அவரு வரட்டும்." இரண்டு விசில். இருபது வருடமாக நான் மட்டம் பார்ப்பது தண்ணி நிரப்பிய டியூப்பில். அன்று என் அக்காவின் கண் அதைவிடச் சரியாக இருந்தது. தரையில் குந்தியிருந்த அவள் கண்ணுக்குக் கல் நேராகத்தானே நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது, மாமாவுக்கும் வந்தது, கல் ஆடியது. "சிரிச்சீங்க, ரெண்டு பேரையும் வழியிலயே இறக்கி விட்டுடுவேன்" என்றாள். அதைக் கேட்டு இன்னும் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வழிய வழிய இறக்கினோம். கடைசியாக நீளமாக ஒரு விசில். கல் உட்கார்ந்தது. மூலையில் ஒரு சின்னச் சில்லு மட்டும் போயிருந்தது.

அப்போதுதான் மாமா கீழே எட்டிப் பார்த்தார். கல் இறங்கியதில், இன்னும் பொருத்தாத ஓவனுக்கு இடம் இல்லை. முகம் தொங்கிவிட்டது.

"சுவர்ல ஏத்திடலாம்" என்றேன். "உங்க நெஞ்சு உயரத்துக்கு."

"அவரு நெஞ்சு எனக்கு நெத்திக்கு மேல" என்றாள் அக்கா. "கொஞ்சம் கீழ வையி. கண்ணாடி எனக்கு நேரா வரணும்."

இந்த முறை அவளை வெறுங்காலோடு நிற்க வைத்து, கண்ணுக்கு நேராகக் கோடு போட்டேன். அது மாமாவுக்குத் தொப்புளுக்குச் சற்று மேலே வந்தது. தட்டை எடுக்க அவர் குனியவும் வேண்டாம், மண்டி போடவும் வேண்டாம். கடையில் நாலு மணி நேரம் நின்று நாங்கள் யோசிக்காத இடம்.

சேற்றையெல்லாம் கழுவி, ஹாப்பைத் திரும்ப மாட்டி, கேஸ்காரர் வந்து போய், சாயங்காலம் அக்கா மறுபடி பருப்பு வைத்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தெரியுதாக்கா?"

"டேய், இது சுத்துதுடா."

"எது?"

"பருப்பு. நடுவுல மேல வருது, ஓரமாப் போயி கீழ இறங்குது, திரும்பவும் நடுவுல வருது. பஸ் ஸ்டாண்டு மாதிரி. நான் இத்தனை வருஷமா அது ஒரே இடத்துல நின்னு கொதிக்குதுன்னு நினைச்சேன்."

நானும் எட்டிப் பார்த்தேன். சுற்றத்தான் செய்தது. நான் சாப்பிட்டதுண்டு, பார்த்ததில்லை.

மாமா சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்றார். "இன்னும் வேகலையா?"

"வெந்து அரை மணி நேரம் ஆச்சு" என்றாள் அக்கா, திரும்பாமலே. "இருங்க, பாத்துக்கிட்டிருக்கேன்."