இரும்பு அலமாரிக்குள் போன பேக்கப்

1. ஆறுதலாகப் போன நாள்

சிவபாதம் ஐயா எனக்குப் போன் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை பகல். அவரிடம் வேலை செய்யும் ரஞ்சினியின் லெப்டொப் டக் டக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டதாம்.

"அவசரமில்லை, பிள்ளை. நீங்கள் போட்டுத் தந்த பேக்கப் இருக்குத்தானே. ஆறுதலா வாங்கோ" என்றார்.

நானும் ஆறுதலாகத்தான் போனேன். கொட்டாஞ்சேனை வீட்டில் சாப்பிட்டு, பஸ் ஏறி, இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி அடையாள அட்டை காட்டி, வெள்ளவத்தை போய்ச் சேர மூன்று மணி. அந்த ஆறுதலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

ஐயா சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றபின், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், தன் வீட்டு முன் ஹோலையே கந்தோராக்கி வைத்திருந்தார். யுத்த காலம். வெளிநாடு போகிறவர்கள் எல்லாரும் பிறப்புச் சான்றிதழையும் விவாகச் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். அவர் எழுதுவார், ரஞ்சினி டைப் அடிப்பாள், அடித்து முடிந்த கையெழுத்துத் தாளை அன்றைக்கே கிழித்துப்போடுவார்கள்.

நான் போனபோது ஹோலில் ஒரு பெண் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் மரியபுஷ்பம், எங்கள் கொட்டாஞ்சேனைதான். கணவர் கனடாவில். ஐந்து வருடமாக மகன் தகப்பனின் குரலைப் போனில்தான் கேட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை காலை தூதரகத்தில் இன்டர்வியூ. ஒன்பது பத்திரங்களின் மொழிபெயர்ப்பும் முடிந்து, பிரின்ட் எடுத்து ஒப்பம் வைப்பது மட்டும்தான் பாக்கி. அந்த ஒன்பதும் செத்துப்போன லெப்டொப்பில் இருந்தன.

"பத்து நிமிஷம் அக்கா" என்று அவரிடம் பெரிய மனுஷிபோலச் சொன்னேன்.

என்னுடைய லெப்டொப்பைத் திறந்து பேக்கப் டிரைவைத் தேடினேன். நெட்வேர்க்கில் அது இல்லை. ஹோல் புத்தகத் தட்டைப் பார்த்தேன். நான் வைத்த இடத்தில் ஒரு பூச்சாடி இருந்தது.

2. நான் பெருமைப்பட்ட நாள்

இரண்டு மாதத்துக்கு முன் அதை அந்தத் தட்டில் வைத்தது நான்தான். ரவுட்டரும் ஹாட் டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற சாமான். இரண்டு கொம்பு, நீல விளக்கு. கரன்ட் வயர் ஒன்று மட்டும் சுவருக்குப் போகும். ஐயாவின் லெப்டொப்பும் ரஞ்சினியின் லெப்டொப்பும் தினமும் பன்னிரண்டரைக்கு, அவர்கள் சாப்பிடப் போகும் நேரம், வயர்லெஸ்ஸில் தானாகப் பேக்கப் ஆகிற மாதிரி செட்டிங் போட்டேன்.

முதல் பேக்கப் ஒரு முழுப் பகலை விழுங்கியது. ஐயா கதிரையை இழுத்துப்போட்டு, எத்தனை வீதம் ஏறுகிறது என்று கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றால் போகிறதென்றால் பக்கத்து வீட்டுக்காரர் பிடிக்க மாட்டாரா என்று மூன்று தரம் கேட்டார். பாஸ்வேர்ட் போட்டிருக்கிறேன் என்று மூன்று தரமும் சொன்னேன். புறப்படும்போது, இனி ஒருவரும் ஒன்றையும் தொடத் தேவையில்லை, அது தன்பாட்டில் நடக்கும் என்றேன். இன்றைக்கு என்னிடம் வேலை பழகுகிறவர்கள் யாராவது அப்படிச் சொன்னால் காதைத் திருகுவேன்.

3. அலமாரி

"டிரைவ் எங்கே ஐயா?"

ஐயா சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்து, உள்ளறை இரும்பு அலமாரியைத் திறந்தார். காணி உறுதிகள், பாஸ்போர்ட்டுகள், அவர் மனைவியின் கூறைச் சேலை, அதற்குப் பக்கத்தில் என் டிரைவ். நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டேன், தோசைக் கல்லாகச் சுட்டது. அலமாரியின் முதுகில் ஆள் பிடித்து ஓட்டை போட்டு, அதன் வழியாகக் கரன்ட் வயரை இழுத்திருந்தார். வேலை நல்ல சுத்தம், குறை சொல்ல முடியாது.

மூன்று கிழமைக்கு முன் பக்கத்து ஒழுங்கையில் சுற்றிவளைப்பு நடந்திருக்கிறது. வீடு வீடாகச் சோதனை. அன்றிரவு ஐயாவுக்கு நித்திரை இல்லை.

"ரெண்டு கொம்பும், மினுங்கிற லைட்டும். வாறவனுக்கு நான் என்னெண்டு சொல்லுறது, பிள்ளை? தமிழன்ர வீட்டில அது என்னவாத் தெரியும்?"

வயர்லெஸ் சுவரைத் தாண்டும், பூட்டிய இரும்புப் பெட்டியைத் தாண்டத் திண்டாடும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த கல்வி.

டிரைவை வெளியே எடுத்துப் பார்த்தால், கடைசிப் பேக்கப் அவர் அலமாரியைப் பூட்டிய நாளோடு நின்றிருந்தது. மரியபுஷ்பத்தின் வேலை தொடங்கியதே அதற்குப் பிறகு. இத்தனை நாளும் திரையில் எச்சரிக்கை ஏதும் வரவில்லையா என்று ரஞ்சினியைக் கேட்டேன்.

"ஒவ்வொரு நாளும் வந்தது. மூடிப்போட்டு வேலையைப் பார்த்தனான். நீங்கள்தானே அக்கா ஒண்டையும் தொட வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்" என்றாள்.



4. ஒன்றரை நாள்

மரியபுஷ்பத்திடம் நானே போய்ச் சொன்னேன். அவர் ஏசவில்லை, அழவும் இல்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து மூலப் பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.

"திரும்பச் செய்யலாம் தானே, தங்கச்சி?"

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புதன் காலை ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பத்திரத்தைப் பார்த்து நேரே ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். ஐயாவின் லெப்டொப்பில் ரஞ்சினி டைப் அடித்தாள். என் லெப்டொப்பில் நான் அடித்தேன். என் பிழைகளைத் திருத்துவதே தனக்கு இரண்டாவது உத்தியோகம் என்று ஐயா சிரித்தார். பக்கம் முடிய முடியப் பிரின்ட் எடுத்தோம். வியாழன் நாலு மணிக்கு ஒன்பதாவது பத்திரத்தில் முத்திரை விழுந்தது. மரியபுஷ்பம் அதைப் பையில் வைக்கவில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். நாலைந்து மாதத்தில் தாயும் மகனும் விமானம் ஏறிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

டிரைவ் மறுபடி புத்தகத் தட்டுக்கு வந்தது. ஐயா ஒரு நிபந்தனை போட்டார். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும், 'இது கொம்பியூட்டர் ஹாட் டிஸ்க், தொலைத்தொடர்புக் கருவி அல்ல' என்று தானே எழுதி, மொழிக்கு ஒன்றாக ஒப்பமும் முத்திரையும் வைத்துப் பெட்டியில் ஒட்டினார். தன்னிடம் வருகிற பத்திரங்களுக்குக்கூட அவர் அத்தனை முத்திரை வைத்ததில்லை.

அடுத்த மாதம் அவருடைய ஒழுங்கைக்கே சோதனை வந்தது. ஒரு இளம் அதிகாரி பெட்டியைக் கையில் எடுத்து, மூன்று மொழியையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அங்கிள், மேக ரவுட்டர் எகக்னே. அபே கெதரத் எகக் தியெனவா" என்றாராம். இது ரவுட்டர்தானே, எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். ரஞ்சினி இதைப் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஐயா மட்டும் அந்தக் கடதாசியைக் கிழிக்கவில்லை. அடுத்த தரம் வருகிறவர் வீட்டிலும் ரவுட்டர் இருக்கும் என்று என்னால் அவருக்கு உத்தரவாதம் கொடுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எந்த வீட்டில் பேக்கப் போட்டாலும், ஒரு ஃபைலையாவது திருப்பி எடுத்துக் காட்டாமல் நான் புறப்பட்டதில்லை. பிளக் பொயின்ட் எங்கே என்று கேட்க முன்னம், "இந்தச் சாமான் இங்க இருந்தா உங்களுக்குப் பயமா?" என்று கேட்பேன். பலர் சிரிப்பார்கள். சிலர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து பதில் சொல்வார்கள்.