எவர்சில்வரில் துரு

இப்போது எஸ்.எஸ். என்கிற எவர்சில்வர் தூளை லேசரில் உருக்கி, அடுக்கு மேல் அடுக்காக ஒரு பாகத்தையே வளர்த்துவிடுகிறார்கள். பிறகு அப்படி வளர்த்த இரண்டு பாகங்களை லேசராலேயே மயிரிழைத் தடத்தில் ஒட்டுகிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளக்கிறபோது நான் எழுந்து போய்விடுவேன். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் நானும் ஆர்கான் வெல்டிங்கில் அடுக்கு மேல் அடுக்கு வைத்தவன்தான்.

ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் கருவிகளை நீராவியில் அவிக்கும் எஸ்.எஸ். டிரம் அடியில் அரித்துக் குழி விழுந்து என் பட்டறைக்கு வந்தது. புதிதாக வாங்கிய ஆர்கான் செட்டுக்கு அதுதான் முதல் பெரிய வேலை. ஒரு வரி வெல்டிங் ஓட்டி, பிரஷ்ஷால் தேய்த்து, அதன்மேல் அடுத்த வரி. இப்படி ஐந்தாறு அடுக்கு வைத்துக் குழியை நிரப்ப வேண்டும். கேட், கிரில் தேய்க்கிற இரும்பு பிரஷ் எஸ்.எஸ். மேல் படவே கூடாது. இரும்புப் பொடி ஒட்டிக்கொண்டு அதுவும் துருப்பிடிக்கும். இதற்கென்று எஸ்.எஸ். கம்பி பிரஷ் தனியாக வைத்திருந்தேன். அன்றைக்கென்று அது கண்ணில் படவில்லை. கரண்ட் போகிற நேரம் வேறு நெருங்கிவிட்டது. என்ன ஆகிவிடப் போகிறது என்று இரும்பு பிரஷ்ஷையே எடுத்தேன். தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன், சொட்டவில்லை. கொடுத்தனுப்பிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, அதே பிரஷ்ஷால் தேய்த்த சோதனைத் துண்டு ஒன்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். வரி முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். டிரம்முக்குள்ளும் இப்படித்தான் இருக்கும். துரு அரித்து ஊசித்துளை விழுந்தால் ஆவி கசியும். கசிந்தால் கிருமி சாகிற அளவுக்குச் சூடு ஏறாது. சரியாக அவியாத கத்தியால் ஒரு பெண்ணின் வயிற்றைக் கிழித்தால்?

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. பட்டறையின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். அந்த வழியாக பஸ்ஸில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சைக்கிளில் வந்தார்.

"அண்ணாச்சி இருக்காவளா? சிஸ்டர் ஒரு எட்டு வரச் சொல்லுதாவ."

நான் பட்டறையின் தகரத் தடுப்புக்குப் பின்னால் நின்றேன். என்னோடு வேலை பார்த்தவர், "வள்ளியூருக்குப் போயிருக்காவ" என்று சொல்லி அனுப்பினார். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

என் மனைவி முதல் பிரசவத்துக்கு ஏரலில் தாய்வீட்டில் இருந்தாள். அங்கேயே ஆஸ்பத்திரி பார்த்து வைத்திருந்தார்கள். அந்த ஒரு தைரியத்தில்தான் நான் தூங்கினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில் மாமனாரிடமிருந்து போன்.

"மாப்ள, பிரஷர் ஏறிட்டுன்னு இங்கன பாக்க மாட்டேன்னுட்டாவ. பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டு வாரோம்."

ஆஸ்பத்திரியின் பெயரையும் சொன்னார். அதே ஆஸ்பத்திரிதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மாமனார் பெஞ்சில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் காகிதத்தோடு வந்தார்.

"ஆபரேஷன்தான். சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க."

"சிஸ்டர், அந்த டிரம்முல அவிச்சத எடுக்காதிய" என்றேன். "நான் தப்பா வேல பாத்துட்டேன். இரும்பு பிரஷ்ஷப் போட்டுத் தேச்சுட்டேன். உள்ள துருப் பிடிக்கும்."

அவர் பதறவில்லை.

"தெரியும். ஒங்களுக்கு ஆள் விட்ட அன்னைக்கே பாத்து ஓரங்கட்டியாச்சு. வேற ஆஸ்பத்திரியில கொண்டுபோய்லா அவிச்சுட்டு வாரோம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் பெருமூச்சு விட்டதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒங்களுக்கு எப்பம் தெரியும், தம்பி?"

"பத்து நாளாச்சு."

"இந்தப் பத்து நாளும் இங்கன வந்தவளுவளும் யாரோ ஒருத்தன் பொண்டாட்டிதான."

கையெழுத்துப் போட்டேன். காகிதத்தை வாங்கிக்கொண்டு அவர் உள்ளே போனார்.

முக்கால் மணி நேரம் கழித்து, பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்று சொல்ல அவர்தான் வந்தார். மாமனார் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். நான் அந்த சிஸ்டரின் முகத்தைப் பார்க்காமலே கேட்டுக்கொண்டேன்.