மங்கலாய்த் தெரிந்த ஏரி

என் கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்ப்பவர். வலது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் கழித்து, வேலப்பன்சாவடியில் நான் வேலை செய்யும் கல்லூரிக்கு அவரை அழைத்துப் போனேன். பெயர்பெற்ற ஓவியர் ஒருவரின் அச்சுப் படங்களையும் கணினியில் வரைந்த படங்களையும் அங்கே காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

அச்சுப் படங்களை ரசித்துக்கொண்டே வந்தவர், பெரிய திரையில் ஓர் ஏரியைக் கண்டதும் நின்றுவிட்டார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“இன்னாங்க ஆச்சு?”

“மறுபடியும் மங்கலா கீது. இனிமே மிஷின்ல எப்டி நிக்கிறது?”

நானும் திரையைப் பார்த்தேன். கரையும் தண்ணீரும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன.

“எனக்கும் அப்டித்தாங்க தெரியுது” என்றேன். சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். அங்கே நின்ற மாணவியிடம் போய், “இந்தப் படம் உனக்கு எப்டிம்மா தெரியுது?” என்று கேட்டார்.

“மங்கலாத்தான் சார். ஓவியர் வரைஞ்சதே அப்படித்தான்.”

என் கணவர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு எழுந்துபோய், திரைக்குக் கீழே ஒட்டியிருந்த பொடி எழுத்துகளை ஒன்றுவிடாமல் எனக்கு வாசித்துக் காட்டினார்.