பேர் சொல்லாதது

நெளுக்குளத்து நாட்டுமருந்துக் கடையில் அந்த வேரின் காரமணம் வந்ததும் எனக்கு முகம் சுட்டது.

போர்நிறுத்தத்தில் பாதை திறந்த புதிதில், காய்ச்சலாய்க் கிடந்த கைக்குழந்தைத் தம்பியை அம்மா மாங்குளத்திலிருந்து வவுனியாவுக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். சோதனைச்சாவடியில் சீருடைப் பெண் ஒருத்தி தம்பியின் கையில் கட்டியிருந்த வேர்க்காப்பைப் பிடித்து, “இது என்ன?” என்றாள்.

“பேர் சொல்லாதது,” என்றார் அம்மா. பேரைச் சொன்னால் அதன் காவல் போய்விடும் என்று வீட்டில் அப்படித்தான் சொல்வோம்.

“பேர் இல்லாத சாமானா?” அவள் குரல் தடித்தது. வரிசை முழுக்க எங்களைப் பார்த்தது.

அம்மா தலைகுனிந்து, “வசம்பு,” என்றார்.

“சத்தமா சொல்லு.”

“வசம்பு!”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பஸ்ஸில் ஏறியதும் அம்மா காப்பை அவிழ்த்து யன்னலால் எறிந்தார். “இனி அது வெறுங் கட்டை.”

“என்ன வேணும், தங்கச்சி?” என்றார் கடைக்காரர்.

மகளுக்குக் கட்டத்தான் வந்திருந்தேன். நாக்கூசி, விரலால் காட்டினேன்.