திங்கட்கிழமை மட்டும் இழுக்காத கார்

என் கணவருக்குச் சர்க்கரையால் வலது கண் மங்கிப்போன வருஷம் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளின் நடுவில் இருந்தோம். எனக்கு வயது நாற்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் அப்போது கார் ஓட்டும் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆசைப்பட்டு நான் கற்றுக்கொள்ளவில்லை. அவருக்கு ஸ்ரீவைகுண்டத்தில் அரசு அலுவலகத்தில் வேலை. எனக்கும் அதே ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. இடது கண்ணை வைத்துக்கொண்டு அவர் கோப்பு படித்துவிடுவார். ஆனால் எதிரே வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று தெரியாது. பஸ் படியில் கால் தவறி இரண்டு முறை விழுந்திருந்தார். வீட்டில் அவர் வெகுநாளாக வைத்திருந்த பழைய டீசல் கார் நின்றது. வேறென்ன செய்ய?

ஸ்டியரிங்கை எனக்குக் கொடுத்துவிட்டாரே தவிர, ஓட்டுவதை அவர் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "பைய, பைய", "மூணாவது போடு", "ஹாரன் அடி" என்று கூடவே ஓட்டிக்கொண்டு வருவார். எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது என்னவென்று எனக்கும் தெரியுமாகையால், சொன்ன கியரைப் போட்டுவிடுவேன்.

அந்த ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரத்தில், திங்கட்கிழமை காலை, கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. செய்துங்கநல்லூர் வரை நன்றாக ஓடிய வண்டி, ஊரைத் தாண்டியதும் சோர்ந்துபோனது. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், வேகம் ஏறவில்லை. ஐம்பதிலிருந்து நாற்பது, முப்பது என்று இறங்கி, மாட்டுவண்டி போல் ஊர்ந்து, கடைசியில் அணைந்தே போய்விட்டது. சாலையோரம் கால்மணி நேரம் நின்றோம். பிறகு சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது.

"கிளச்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டுத. அதாம் இழுக்க மாட்டேங்கு" என்றார் என் கணவர்.

"கால எடுத்துட்டுதான் ஓட்டுதேன்" என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது, பாளையங்கோட்டையை நெருங்குகையில் மறுபடியும் அதே கதை. மறுநாளும் ஒரு தடவை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வண்டி அம்சமாக ஓடியது. சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன்.

மெக்கானிக்குக்கு முப்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, வண்டியை எடுத்து ஹைகிரவுண்டு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "டீச்சர், நல்லாத்தான இழுக்கு. நீங்க சொல்லுத மாதிரி ஒண்ணுமே காணலியே" என்றார். இருந்தாலும் டீசல் ஃபில்டரை மாற்றிக் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை செய்துங்கநல்லூர் தாண்டியதும் வண்டி மறுபடியும் சோர்ந்தது. அந்தச் சனிக்கிழமை காற்று ஃபில்டரைச் சுத்தம் செய்தார். அதற்கடுத்த சனிக்கிழமை டீசல் குழாய்களையெல்லாம் கழற்றி ஊதி மாட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. திங்கள், செவ்வாய் மட்டும்தான் மக்கர். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள், "உங்க காருக்கும் நம்மள மாதிரியே திங்கட்கிழம வேலைக்கு வரப் பிடிக்கல போல" என்று சிரித்தார்கள்.

என் கணவர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். "திங்கட்கிழம லேட்டாகுதுன்னு நீ படபடன்னு இருக்க. கால் தன்னால கிளச்சுக்குப் போயிருது." நிதானமாகத்தான் சொன்னார். அதனாலேயே அது என்னை அரித்தது. கியர் மாற்றியதும் இடது காலை வேண்டுமென்றே சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்; ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துத் தினமும் தோள்பட்டை வலித்தது. அப்படியும் வண்டி சோர்ந்தது. ஆனாலும், நமக்கே தெரியாமல் ஏதோ தப்புச் செய்கிறோமோ என்ற எண்ணம் போகவில்லை.

ஜூலைக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, ரயில்வே கேட் ஒன்றின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. சோர்ந்து ஊர்ந்தபடியே கேட்டுக்குள் நுழைந்துவிட்டேன். முன்சக்கரங்கள் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டன, பின்சக்கரங்கள் தாண்டவில்லை. திருச்செந்தூர் பாசஞ்சர் வரும் நேரம். கேட்கீப்பர் குடிசையிலிருந்து ஓடிவந்தார்.

"யம்மா, எடுங்கம்மா! கேட்ட அடைக்கணும்!"

சாவியைத் திருப்புகிறேன், வண்டி உறுமுகிறது, பிடிக்கவில்லை. பக்கத்தில் என் கணவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். "எந்தப் பக்கம் வருது? ஏட்டி, எந்தப் பக்கம் வருது?" என்றார். அவருக்குத் தெரியவில்லை. அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"எல, ஓடி வாங்கல, தள்ளுங்கல!" என்று கேட்கீப்பர் கத்த, வாழைத்தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த நாலைந்து பேர் ஓடிவந்து தள்ளினார்கள். வண்டி கேட்டைத் தாண்டியது. ரயில் வர ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆபத்து என்று சொல்ல ஒன்றுமில்லைதான். ஆனால் ரயில் கடந்துபோன பிறகும் நான் சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வித்துருவோம்" என்றார் அவர். கிளச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அன்று சாயங்காலம் வண்டியை வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டு, மீதி வாரம் முழுவதும் பஸ்ஸில் போனோம். ஒவ்வொரு முறையும் நான் முதலில் ஏறி, அவர் கையைப் பிடித்து ஏற்றினேன். சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்புக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். டீசல் பம்பைக் கழற்றவேண்டும் என்பார், மாதக்கணக்கில் வண்டி படுத்துவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"பம்புல கை வைக்கதுக்கு முன்னால ஒண்ணு செய்வோம். எங்கிட்ட வரும்போது நல்லா இருக்கு. உங்ககிட்ட நிக்கி. திங்கட்கிழம நானும் கூட வாரேன். என் கண்ணு முன்னால நிக்கட்டும்."

அப்படி ஒருவர் சொன்னதிலேயே எனக்குப் பாதி பாரம் இறங்கியதுபோல் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை என்று அவர் நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல டாங்க் நிறைய டீசல் போட்டோம். திங்கட்கிழமை காலை மெக்கானிக் பையுடன் பின்சீட்டில் ஏறினார். வண்டி நிற்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டு ஓட்டியது அன்று ஒருநாள்தான். செய்துங்கநல்லூர் தாண்டி இரண்டாவது மைலில் நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அவர் உடனே பானெட்டைத் திறந்து, ஃபில்டர் மேல் ஒரு திருகைத் தளர்த்தி, பக்கத்திலிருந்த கைப்பம்பை அழுத்தினார். வழக்கமாக அங்கே டீசல் கொப்பளித்து வரவேண்டும். ஒரு சொட்டு வரவில்லை.

"டீசலே ஏறலயே. டாங்க்ல இருக்கா, அண்ணாச்சி?"

"நேத்துதான் வழிய வழியப் போட்டோம்" என்றார் என் கணவர். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். "தெறந்து பாரு."

அது டாங்க் மூடியின் சாவி. சித்திரை மாதம் எங்கள் தெருவில் இரண்டு வண்டிகளில் டீசல் திருட்டுப் போனது. அதற்குப் பிறகு ஜங்ஷன் கடைத்தெருவில் பூட்டு வைத்த மூடி ஒன்றை அவரே தேடி வாங்கி வந்து மாட்டியிருந்தார். பூட்டு வந்த தைரியத்தில்தான் ஜூனிலிருந்து டாங்க் நிறையப் போட ஆரம்பித்தோம். அதற்கு முன் அரை டாங்க் தாண்டியதில்லை.

நான் பின்னால் போய்ப் பூட்டைத் திறந்து மூடியைத் திருகினேன். "உஸ்ஸ்ஸ்" என்று நீளமாக ஒரு சத்தம். டாங்க் மூச்சை உள்ளே இழுத்தது. முன்பக்கம் மெக்கானிக் கத்தினார்.

"வருது! டீச்சர், டீசல் வருது! இப்ப என்ன செஞ்சீங்க?"

"மூடியத் தொறந்தேன். அவ்ளோதான்."

அவர் ஓடிவந்து மூடியை வாங்கி, துடைத்து, வாயில் வைத்து ஊதினார். கன்னம் உப்பியது, காற்று போகவில்லை. நடுரோட்டில் நின்றபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"டீசல் கொறையக் கொறைய அந்த எடத்துக்குக் காத்து போகணும்லா? பழைய மூடியில அதுக்கு ஒரு ஓட்ட இருக்கும். இதுல ஓட்டயே கெடையாது. உள்ள காத்து இல்லாம டாங்க் டீசல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு கெடக்கு. கொஞ்ச நேரம் நின்னா எங்கனயாவது கசிஞ்சு காத்து உள்ள போயிரும். வண்டி கெளம்பிரும்."

எனக்கு மற்றதெல்லாம் தானாகவே புரிந்தது. டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் கொஞ்சம்தான். இரண்டு லிட்டர் செலவானதுமே உள்ளே இருந்த காற்று போதாமல் போய்விடும். புதன்கிழமைக்குள் கால் டாங்குக்கு மேல் காலியாகி நிறைய இடம் வந்துவிடும்; அதே இரண்டு லிட்டர் செலவு அப்போது பெரிதாகத் தெரியாது. நாங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனதெல்லாம் சனிக்கிழமைகளில். கணக்கு டீச்சருக்கு இது தோன்றாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்கூட அன்று சுகமாகத்தான் இருந்தது.

என் கணவர் பின்பக்கம் வந்தார். மூடியைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாம்லா வாங்கினேன்" என்றார்.

"ஆமா."

"நா வாங்கிட்டு வந்து மாட்டிட்டு, ஒன்னய ரெண்டு மாசமா..." மூடியை என்னிடம் நீட்டினார். மெக்கானிக் முன்பக்கம் போய் ஃபில்டர் திருகை இறுக்கத் தொடங்கினார். "தப்புதாம்ட்டி" என்றார் என் கணவர் தாழ்ந்த குரலில். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் அதிகம் சொன்னதில்லை. நான் சிரித்துவிட்டேன். ஏனோ கண்ணும் நிறைந்தது.

மூடியைப் பூட்டாமல் சும்மா வைத்துக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் வரை ஓட்டினேன். வண்டி ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. அலுவலக வாசலில் மெக்கானிக் துளை போடும் கருவி ஒன்றைப் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி, மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டார். பிறகு வாயில் வைத்து ஊதிக் காட்டிவிட்டு, பஸ் பிடித்துப் போய்விட்டார்.

சாயங்காலம் பாளையங்கோட்டைக்குள் நுழைந்ததும் நான் எங்கள் தெருவில் திரும்பவில்லை. முருகன்குறிச்சி தாண்டி, வண்ணார்பேட்டை தாண்டி, நேரே போய்க்கொண்டிருந்தேன்.

"எங்கட்டி போற?" என்றார்.

"சும்மாதான். நல்லா ஓடுதுலா."

கொக்கிரகுளம் பாலத்தில் ஏறினோம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. வெயில் சாய்ந்து, குளிக்கிறவர்கள் படித்துறையில் துணி பிழிந்துகொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடிக் கதவை இறக்கிவிட்டு, ஆற்றுக்காற்று முகத்தில் படும்படி சாய்ந்து உட்கார்ந்தார். ஜங்ஷனைச் சுற்றி, அதே பாலத்தின் வழியே திரும்ப வந்து, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். இறங்கும்போதுதான் தெரிந்தது, அந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக என் தோள்பட்டை வலிக்கவில்லை.