பாத்தியில் உப்பு, நாங்கள் கொழும்பில்

மூத்தவளுக்குக் கொழும்பு காட்டுகிறேன் என்று சொல்லி மூன்று வருடம். முதல் வருடம் உப்பு. அடுத்த வருடமும் உப்பு. ஏப்ரல் லீவு வருவதும் எங்கள் பாத்திகளில் உப்பு விளைவதும் ஒரே நேரம். இந்த வருடம் அவள் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அவளுக்குப் பத்து வயது.

மனைவியின் தம்பியிடம் வான் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வான். லீவு என்பதால் சும்மா நின்றது. "மச்சான், ஞாயிற்றுக்கிழமை போவம். இல்லாட்டி நீங்க கபுறுக் குழிக்குப் போற மட்டும் உப்புதான் வாருவீங்க" என்றான். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமையே வாரியிருக்கலாம். ஏழு பாத்தியும் வெள்ளையாக இறுகிக் கிடந்தன. காலால் மிதித்துப் பார்த்தேன். இன்னும் ஒரு வெயில் பட்டால் உப்புக் கல் தடிக்கும் போல இருந்தது. எப்படியும் ஒரு நாள் நான் இல்லை, அந்த வெயிலையும் குடிக்கட்டும் என்று விட்டேன். உப்புக்காரர் எல்லோருக்கும் இந்த ஆசை இருக்கிறது. பிழை அங்கேதான். பெரிய மழை ஒன்று அடித்தால் ஏழும் தண்ணீர். ஆறு கிழமை வேலை, ஒன்றரை மாதம்.

பக்கத்துப் பாத்திக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். என்னைவிட மூத்தவர். நானா என்று கூப்பிடுவேன். "பாக்கிறன். ஆனா வாரணும் எண்டா நீதான் சொல்லணும்" என்றார். எங்களில் அப்படித்தான். சொந்தக்காரன் வாயால் சொல்லாமல் மற்றவன் பாத்தியில் வாருகிற பலகையை வைக்கமாட்டோம். நேரத்துக்கு முந்தி வாரினால் உப்போடு சேறு வரும். பிறகு யார் மேல் பிழை என்று கதை வரும்.

ஞாயிறு விடிய, சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். சிலாபத்தில் சின்னவள் வாந்தி எடுத்தாள். அவளுக்கு நாலு வயது. மூத்தவள் யன்னல் ஓரத்தை விடவில்லை.

முதலில் பெரிய கடைக் கட்டடம். ஏழு மாடி. உள்ளே போனால் யன்னல் ஒன்றும் இல்லை. வெளியே வெயிலா இருட்டா என்று தெரியாது. பிள்ளைகள் தானாக ஓடும் படியில் ஏறி இறங்கி ஏறினார்கள். எனக்கு வானம் பார்க்க வேண்டும். வெளியே போகிற வழி என்று போனேன், அது ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போய் முடிந்தது. திரும்பி வந்து வேறு வழியால் போனேன். வாகனம் நிறுத்துகிற இடம். அங்கேயும் மேலே சீமெந்து. காவலுக்கு நின்றவன் என்ன தேடுகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். வானம் என்றேன். சிரித்துவிட்டு ஒரு கதவைக் காட்டினான். வெளியே இரண்டு கட்டடத்துக்கு நடுவே உடுத்துகிற சாரம் அகலத்துக்கு வானம் தெரிந்தது. அதில் மேகம் ஒன்றும் இல்லை.

நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"நானா, எப்படி?"

"வெயில்தான். கிழக்கால கொஞ்சம் மேகம் கட்டுது."

"கறுப்பா?"

"வெள்ளை."

"என்ன செய்வம்?"

"உன்ட உப்பு. நீ சொல்லு."

கண்ணால் பார்க்காத வானத்துக்கு என்ன சொல்வது. பின்னேரம் எடுக்கிறேன் என்று வைத்தேன்.

திரும்பி வந்ததும் மச்சான் பிடித்துக்கொண்டான். "பாத்தியையும் வான்ல ஏத்திட்டு வந்திருக்கலாம். அதுவும் கொழும்பு பாத்திருக்கும்."

"அவர சும்மா விடு" என்றாள் மனைவி. அவளும் கலியாணம் முடித்த முதல் வருடம் என்னோடு நின்று வாரியவள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். கொழும்புக்கு வந்தால் அதுதான் பெரிய இடம் என்றான். சின்னவள் இறங்கிப் பார்த்தாள்.

"வாப்பா, இது எங்கட கடல்தானே?"

"இல்ல, இது கொழும்புக் கடல்" என்றாள் மூத்தவள். "எங்கடத விட ஊத்தை."

பக்கத்தில் ஒரு களியாட்டம் நடந்தது. ராட்டினம், பெரியது. மூத்தவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "வாப்பா வந்தாத்தான் ஏறுவன்" என்றாள். வீட்டுக்கு எப்போது போகலாம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். இந்த வருடம் அவள் கேட்டது இது ஒன்றுதான். ஏறினேன். போனை மேலே கொண்டுபோகக் கூடாது என்று ராட்டினக்காரன் சொன்னான். மனைவியிடம் கொடுத்தேன். இரும்புக் கம்பியை எங்கள் மடிக்கு மேல் இழுத்துப் பூட்டினான்.

ஆள் ஏற்ற ஏற்ற ராட்டினம் நின்று நின்று சுற்றியது. நாங்கள் உச்சிக்கு வந்ததும் நின்றது. அங்கேதான் அன்றைக்கு முதல் தடவையாக முழு வானமும் பார்த்தேன். கடல் பக்கம் வெளிச்சம். வடக்கே, எங்கள் ஊர்ப் பக்கம், கறுப்பு. அடியிலிருந்து மேல் வரைக்கும் கறுப்பு.

இறங்க வழி இல்லை. கீழே மனைவி சின்னதாகத் தெரிந்தாள். போன் அவள் கையில். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"வாப்பா, கொழும்பு முழுக்கத் தெரியுது" என்றாள் மகள். "அங்க பாருங்க, கப்பல்."

"ஓம், கப்பல்" என்றேன்.

"நீங்க பாக்கல்லயே."

பார்த்தேன். கப்பல் நின்றது. அதற்குப் பிறகு ராட்டினம் எத்தனை சுற்று சுற்றியது என்று தெரியாது. ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் கறுப்பு கொஞ்சம் கூடியிருந்தது. மகள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இறங்கியதும் மனைவியிடம் கை நீட்டினேன். அவள் போனைத் தரவில்லை.

"நானா எடுத்தார். இருட்டிக்கிட்டு வருதாம். வாரச் சொல்லிட்டன்."

"நீயா?"

"நீங்க மேல இரிக்கிறீங்க. இறங்குற மட்டும் மழை நிக்குமா?"

"நானா என்ன சொன்னார்?"

"முதல்ல, அவன்தான் சொல்லணும் எண்டார். பிறகு, நீயும் வாரின கைதானே எண்டு சொல்லிட்டு வெச்சிட்டார்."

பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தோம்.

இரவே ஊர் வந்தோம். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். நாலு பாத்தி உப்பு வரம்பில் குவிந்து, தென்னங்கிடுகு போட்டு மூடிக் கிடந்தது. அடியில் கொஞ்சம் சேறு. மற்ற மூன்றும் தண்ணீர். அதில் வானம் நன்றாகத் தெரிந்தது.

பள்ளிக்கூடம் திறந்ததும் லீவு நாளைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். மூத்தவள் ஒரு பக்கம் எழுதினாள். ராட்டினம், கப்பல், ஓடும் படி எல்லாம் இருந்தது. கடைசியில், உச்சியில் நின்றபோது எங்கள் வாப்பா பயந்து கம்பியை விடவே இல்லை, நான்தான் தைரியம் சொன்னேன் என்று எழுதியிருந்தாள். மச்சான் அதை வாசித்து ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். உப்பளத்தில் இன்னும் கேட்கிறார்கள். ஓம், பயந்துதான் போனேன் என்று சொல்கிறேன்.