எந்த வரியில் இருக்கிறது?

காரைக்குடியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தேன். கதையைப் பற்றி எவள் எதைச் சொன்னாலும், பாடத்தில் அதற்கான வரியைக் காட்ட வேண்டும். காட்டாதவள் மணியடிக்கும்வரை நிற்க வேண்டும். சாக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருத்தி தினமும் நின்றாள்.

ஒருநாள் அவள் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தாள். எனக்கே அப்படி எழுத வராது.

"எதப் பாத்துக் காப்பியடிச்ச?" என்று எல்லோர் முன்பும் கேட்டேன்.

"எந்த வரிய வச்சுச் சொல்றீக, டீச்சர்?"

தாளை இரண்டு முறை படித்தேன். அடித்தல் திருத்தல்கூட அவளுடையதுதான். காட்டுவதற்கு ஒரு வரியும் அகப்படவில்லை. வகுப்பே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வாய் நீளுதோ?" என்று தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

"நீதான் எழுதினேன்னா, எங்க, இப்பக் காட்டு."